எழுப்பாமல் விட்ட காது

உப்பளத்து வரப்பில் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கென்று அரசாங்கம் தனியாக ஒரு லைசென்ஸ் தர வேண்டும் என்று பிரிட்டோ நூறு தடவையாவது சொல்லியிருப்பான். அன்றைக்குச் சொல்லவில்லை. மரக்காணத்தைத் தாண்டி மண்பாதையில் வண்டியை இறக்கியதிலிருந்து வாயே திறக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ரேணுகா புதுச்சேரியில் துப்பறியும் அலுவலகம் திறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அதில் ஒன்பது வருஷம் இவன் பேச்சைக் கேட்டே தலைவலி வந்தவள். இந்த மௌனம் அவளுக்குப் புதுசு.

"உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மேடம். கோவம்."

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பிரிட்டோ பக்கத்துக் கடலோர ஊரான அனுமந்தைக்காரன். பத்து மாசத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது, அவன் சித்தப்பா கரையில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குரல், ஒரே ஒரு குரல் யாராவது கொடுத்திருந்தால் எழுந்து ஓடியிருப்பார். அந்தக் குரலுக்காகத்தான், இப்போது இவர்கள் போய்க்கொண்டிருந்த எச்சரிக்கை அறையை உப்பளத்தில் கட்டினார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு டெலிபோன் இணைப்பு, வெளியே உயரமான கம்பத்தில் நாலு திசையும் பார்த்த ஒலிபெருக்கி. தாலுகா ஆபீஸிலிருந்து எச்சரிக்கை வந்தால் கம்ப்யூட்டர் தானே டெலிபோன் வழியாக வாங்கிக்கொண்டு கம்பத்தில் அலறும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நாலு நாளைக்கு முன்னால், ஆயுத பூஜையன்று அது அலறவில்லை. மேற்கே கொட்டிய மழை கழுவெளிச் சதுப்பில் இறங்கி வருகிறது, உப்பளத்தில் இருப்பவர்கள் மேடேற வேண்டும் என்று மதியம் ஒரு மணிக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள். கம்பம் ஊமையாக நின்றது. ஆயில் இன்ஜினுக்கு மாலை போட்டுவிட்டு, பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு, இன்ஜின் கொட்டகையிலேயே படுத்துத் தூங்கிய உப்பளத் தொழிலாளி அய்யனாரை இரண்டு மணிக்கு வெள்ளம் வாரிக்கொண்டு போனது. முப்பத்திரண்டு வயசு. ஒரு சத்தம் கேட்டிருந்தால் எழுந்திருப்பான்.

பழி தனக்கோடிமேல் விழுந்தது. இருபது வருஷம் உப்பு வாரியவள், எட்டு மாசத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு இந்த அறைக்குப் பொறுப்பாக வந்தவள். செத்த அய்யனாருக்கு அண்ணி. கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்த குயிலாப்பாளையம் அலைவாய் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனி, போலீஸிடம் ஒரு தாள் கொடுத்திருந்தது. கம்ப்யூட்டர் தானே எழுதிவரும் நாட்குறிப்பாம். கடைசி வரி இப்படி இருந்தது: 'பகல் 11.40. சுவிட்ச் அழுத்தப்பட்டது. அணைகிறேன்.' அணைவதற்கு முன்னால் அன்றைய குறிப்பை டெலிபோனில் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுத்தான் அணையுமாம். ஆகவே, பூஜை போட்ட ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு உயிர் போய்விட்டது. கதை கச்சிதமாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் ஜீப்போடு வந்து அவளை அழைத்துப்போவார். அதற்குள் ஏதாவது செய்யச் சொல்லி உப்பளத் தொழிலாளர் சங்கம் ரேணுகாவைக் கூப்பிட்டிருந்தது. மணி இப்போது ஒன்றரை.

தனக்கோடி அறை வாசலில் சாவியும் கையுமாக நின்றிருந்தாள். மாமியார் கதவைச் சாத்திவிட்டதால் நாலு நாளாகச் சங்கத்துக் கொட்டகையில் படுக்கை. கொழுந்தன் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் பிரிட்டோவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அணைச்சியா?" ரேணுகா நேராகவே கேட்டாள்.

"இல்ல மேடம்."

"பூஜை போட்டா ஓய்வு குடுக்கணுமே."

"உப்பு வார்ற பலகைக்குக் குடுத்தேன். கூடைக்குக் குடுத்தேன். இதுக்கு எப்டிக் குடுப்பேன்? கோயில் வெளக்குக்கு யாராச்சும் லீவு வுடுவாங்களா?"

நல்ல நேரம் பத்தரைக்கு ஆரம்பம். கம்ப்யூட்டரைத் துடைத்து, பதினொரு மணிக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, அது விழித்திருக்கும்போதே கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அன்றைக்கு ஒன்றரை மணிக்கு மின்கம்பங்கள் சாய்ந்து கரெண்ட் போனது. இன்னும் வரவில்லை. இன்றைக்கு நாலு மணிக்குத் தருவதாக லைன்மேன் சொல்லியிருக்கிறார்.

உள்ளே போனார்கள். மேஜைமேல் திரை, விசைப்பலகை, டெலிபோன் பெட்டி, பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டி. எல்லாவற்றுக்கும் மஞ்சள் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தாள். பெட்டியின் முன்பக்கம் சுவிட்சின்மேல் ஒன்று. பக்கவாட்டு மூடியில், மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பில் இன்னொன்று. காய்ந்து சருகாகிப் போன பொட்டுகள். ரேணுகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவிட்சைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதை முகர்ந்தாள். பக்கவாட்டு மூடியையும் முகர்ந்தாள்.

"மேடம், அது முலாம்பழம் இல்ல," என்றான் பிரிட்டோ. அன்றைய முதல் நக்கல். அவனுக்கே அது உப்புச்சப்பில்லாமல் பட்டது.

"நீயும் மோந்து பாரு."

"எனக்குச் சளி. எனக்கு எல்லாப் பொட்டும் ஒரே வாசனைதான்."

ரேணுகா நிமிர்ந்தாள். பொட்டுக்கு என்ன குழைத்தாய் என்று மட்டும் தனக்கோடியைக் கேட்டாள். வீட்டில் உரசிய மஞ்சள், கோயில் குங்குமம் என்றாள் தனக்கோடி. சாவி யார் யாரிடம் இருக்கிறது? என்னிடம் ஒன்று, கம்பெனியில் ஒன்று.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

வந்தவன் அலைவாய் கம்பெனிக்காரன் சரவணகுமார். முப்பது வயது, நெற்றியில் கீற்றாகச் சந்தனம், தோளில் பை. மூன்று பேரை உள்ளே பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கையிலிருந்த திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கம்ப்யூட்டரின் வட்டைக் கழற்றி எடுத்துப்போக வந்தானாம். எல்லாம் அந்த வட்டில்தான் பதிவாகிறது. கரெண்ட் வரும்போது ஏதாவது ஆகிவிட்டால் சாட்சியம் கெட்டுவிடுமாம். ரொம்பப் பணிவாகச் சொன்னான். தனக்கோடியைப் பார்த்து, 'மனசு கஷ்டமா இருக்குதுக்கா' என்றும் சொன்னான்.

"இருங்க தம்பி, என்ன அவசரம்," என்று ரேணுகா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எனக்கு இது ஒண்ணும் புரியல. நீங்களே பண்ணினதாமே. கரெண்ட் போனா இது என்ன ஆகும்?"

தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எவனுக்கும் வாய் திறக்கும். சரவணகுமாருக்கும் திறந்தது. இந்தக் கரையில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கரெண்ட் போகும். சாதாரணக் கம்ப்யூட்டர் பொட்டென்று சாகும். இது சாகாது, தூங்கும். பெட்டிக்குள் சின்ன பேட்டரி ஒன்று நாலு நிமிஷத்துக்கு உயிர் கொடுக்கும். அந்த நாலு நிமிஷத்தில் கம்ப்யூட்டரின் அடி மூளையான கெர்னல் ஒவ்வொரு பாகமாகப் போய் 'வேலையை நிறுத்து' என்று சொல்லும். திரைக்கு, ஒலிக்கு, வட்டுக்கு, டெலிபோனுக்கு. பிறகு அந்த நிமிஷம் மனசில் என்ன இருக்கிறதோ அத்தனையையும் வட்டில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடும். கரெண்ட் வந்ததும் எழுதியதை எடுத்து மனசில் போட்டுக்கொண்டு, விட்ட சொல்லிலிருந்து பேச ஆரம்பிக்கும். அந்தத் தூங்கும் பகுதியை எழுத அவனுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

"உப்பு அம்பாரத்துக்கு ஓலை போடற மாதிரி," என்றாள் தனக்கோடி வாசற்பக்கத்திலிருந்து. "மழைக்கு முன்னாடி மூடுவோம். வெயில் வந்ததும் பிரிப்போம். உப்பு வெச்ச மாதிரியே இருக்கும்."

"கரெக்ட்டுக்கா," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிரிட்டோவுக்கு ஒரு சந்தேகம். தூங்கப் போகும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றால், எழுப்பும்போதும் அப்படித்தானா?

"ஆமா. ஒவ்வொண்ணையும் தனித்தனியா எழுப்பணும்."

"எல்லாத்தையும் எழுப்புறீங்க?"

சரவணகுமார் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். "எல்லாத்தையும்," என்றான்.

ரேணுகா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். "சுவிட்சை அழுத்தி அணைச்சாலும் எழுதி வெச்சுக்குமா?"

"இல்ல. அணைச்சா அணைச்சதுதான். நினைவுன்னு ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப இது இப்ப அணைஞ்சு கிடக்குதா, தூங்குதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். கரெண்ட் வந்தாத்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க தம்பி. கரெண்ட் வந்தா?"

"தூங்கியிருந்தா தானே எழுந்திருக்கும். அணைஞ்சிருந்தா எழுந்திருக்காது."

பிரிட்டோ தனக்கோடியைப் பார்த்தான். அவளுக்கும் புரிந்துவிட்டது. நாலு மணிக்கு இந்தப் பெட்டி தானே கண் திறந்தால் அவள் அணைக்கவில்லை. திறக்காவிட்டால் ஜீப்.

சரவணகுமார் எழுந்தான். வட்டை இப்போதே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றான், மறுபடியும் அதே பணிவோடு. பிரிட்டோ வாசற்படியில் போய் உட்கார்ந்து, கால் இரண்டையும் நிலையில் முட்டுக்கொடுத்துக்கொண்டான். "இன்னா அவசரம் சார். பூஜை போட்டதுக்கு மறுபூஜை போடாம கை வெக்கக் கூடாது. சாமி குத்தம். எங்க கோயில்ல இது கிடையாது, இருந்தாலும் எனக்கே தெரியுது."

சரவணகுமாரின் முகம் ஒரு கணம் வெளிறியது. எதற்கு என்று பிரிட்டோவுக்கு அப்போது விளங்கவில்லை. ரேணுகாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் கண்ணாடியைத்தான் துடைப்பாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே ஜீப் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் உள்ளே வந்து, இதென்ன கூட்டம் என்றார். கரெண்ட் வரும்வரை இருங்கள், அதற்குமேல் ஒரு நிமிஷம்கூடக் கேட்க மாட்டேன் என்றாள் ரேணுகா. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். சரவணகுமார் மட்டும் உட்காரவில்லை. மேஜைக்குப் பக்கத்தில், விசைப்பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

நாலு ஏழுக்குக் கூரை மின்விசிறி முனகியது.

எல்லார் கண்ணும் திரைமேல். கறுப்பு. கறுப்பு. தனக்கோடி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு பெட்டிக்குள் ஏதோ சுழன்றது. திரையில் ஒரு வரி வந்தது.

'உறங்கிய நினைவு இருக்கிறது. பத்து நொடியில் எழுப்பப்படும். புதிதாகத் தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்.'

பத்து. ஒன்பது. எட்டு.

"பிரிட்டோ, சார் கை," என்றாள் ரேணுகா, குரலை உயர்த்தாமல்.

விசைப்பலகைக்கு அரை அங்குலம் மேலே இருந்தது அந்தக் கை. பிரிட்டோ மணிக்கட்டைப் பிடித்தான். சித்தப்பாவோடு படகிழுத்த பிடி அது. ஆறு, ஐந்து என்று எண்கள் இறங்க இறங்க, பிடிபட்டவன் முதலில் இழுத்தான், பிறகு திமிறினான், இரண்டு வந்தபோது கையைத் தளரவிட்டான்.

கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. நாலு நாளைக்கு முன்னால் கண் மூடிய நிமிஷத்தில் திரை எப்படி இருந்ததோ அப்படியே வந்து நின்றது. வரிசையாக நாட்குறிப்பு. பிரிட்டோ ஒரு கையால் பிடித்துக்கொண்டே சத்தமாக வாசித்தான்.

"பன்னெண்டு பத்து. மின்சாரம் போனது. உறங்குகிறேன். பன்னெண்டு நாப்பத்தொண்ணு. மின்சாரம் வந்தது. எழுந்தேன். திரை சரி. ஒலி சரி. வட்டு சரி. டெலிபோன், பதில் இல்லை."

அடுத்த வரியும் டெலிபோன், பதில் இல்லை. அதற்கடுத்த வரியும். நிமிஷத்துக்கு ஒன்றாக, திரை நெடுக. சரியாக ஒரு மணி என்று போட்ட வரியிலும் அதுதான். எச்சரிக்கை அனுப்பிய நேரம் அது. மேலே இருந்த காலை வரிகளிலும் பதினொன்று நாற்பது என்று எதுவும் இல்லை. சுவிட்ச் என்ற சொல்லே இல்லை.

ரேணுகா இன்ஸ்பெக்டரின் செல்போனிலிருந்து இந்த அறையின் டெலிபோன் எண்ணைப் போடச் சொன்னாள். போட்டார். பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டார்கள். அதில் ஒரு விளக்குகூட மினுக்கவில்லை. திரையின் அடியில் புதிதாக ஒரு வரி வந்து உட்கார்ந்தது: '4.09. டெலிபோன்: பதில் இல்லை.'

"தூங்கப் போறப்ப டெலிபோனைத் தூங்க வெக்குது. எழுந்திருக்கறப்ப மத்ததை எல்லாம் எழுப்புது, டெலிபோனை மட்டும் எழுப்பறதில்ல," என்றாள் ரேணுகா. "காது கேக்காம ஒக்காந்திருக்குது சார். அன்னிக்கும் இப்படித்தான் ஒக்காந்திருந்துது."

இன்ஸ்பெக்டர் தன் சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். "அப்ப இது?"

"இதைத் தயாரிச்ச ஆளை நீங்க தேட வேணாம். பிரிட்டோ புடிச்சுட்டிருக்கான்." அவள் பெட்டிக்கு எதிரே குனிந்தாள். "தாள்ல சுவிட்ச் அழுத்தினது பதினொண்ணு நாப்பது. பொட்டு வெச்சது பதினோரு மணி. இந்த சுவிட்சு அழுத்தினா உள்ள போகும். மேல வெச்ச மஞ்சள் விண்டு போயிருக்கணும். பாருங்க, வெச்ச மாதிரியே காஞ்சு கிடக்குது. இப்ப பக்கவாட்டு மூடிக்கு வாங்க. மோந்து பாருங்க."

ஆதிமூலம் கொஞ்சம் தயங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு முகர்ந்தார். "சந்தனம்."

"எல்லாத்துக்கும் இந்தப் பொண்ணு மஞ்சள் வெச்சா. இந்த ஒண்ணு மட்டும் எப்படிச் சந்தனம் ஆச்சு? மறுநாள் ஊரே அய்யனார் சாவுல நின்னப்ப, கம்பெனிச் சாவியோட ஒருத்தர் வந்திருக்காரு. மூடியைக் கழட்டி, வட்டை வெளில எடுத்து, அதுல இருந்த குறிப்பை மாத்தி எழுதி, தூங்கின நினைவை மட்டும் தொடாம, திரும்ப வெச்சிருக்காரு. மூடியைத் திறக்கறப்ப பொட்டு உடைஞ்சிருச்சு. பூஜை போட்ட பொருளாச்சே, மனசு கேக்கல. தன்னோட சந்தனத்தைக் கொழச்சு புதுசா வெச்சிட்டுப் போயிருக்காரு." அவள் சரவணகுமார் பக்கம் திரும்பினாள். "அடுத்தவ குடும்பத்தை உடைக்கக் கூசாத கை, பொட்டு உடைஞ்சதுக்குக் கூசியிருக்குது."

இன்ஸ்பெக்டர் சரவணகுமாரின் பையை வாங்கித் திறந்தார். உள்ளே சின்ன டப்பாவில் சந்தன வில்லைகள் இருந்தன. மேலே ஒரு மடிக்கணினியும், வட்டை அதில் மாட்டும் கேபிளும்.

கேட்கக் கேட்கச் சொன்னான். டெலிபோனை எழுப்பும் பகுதியை அவன் எழுதவே இல்லை. அப்புறம் எழுதலாம் என்று விட்டது. ஏதாவது ஒரு பாகத்தால் திரும்ப எழ முடியாது என்றால் கம்ப்யூட்டர் தூங்கவே மறுக்கும்படிதான் கெர்னலில் ஏற்பாடு. டெலிபோனும் முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள், முதலாளி நெருக்கினார், அவன் அந்த மறுப்பைக் கேட்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட்டான்.

"தூங்கின நினைவை அன்னிக்கே அழிச்சிருக்கலாமே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அதை அழிச்சா, எங்க தப்பாச்சுன்னு எனக்கே தெரியாமப் போயிடும் சார். அதைப் பாத்து சரி பண்ணிட்டு அப்புறம்..."

பிரிட்டோவுக்கு அவனை அடித்துவிடலாம் போலிருந்தது. கையில்தான் மணிக்கட்டு இருந்ததே. ஒன்பது வருஷத்தில் எத்தனையோ திருடர்களைப் பிடித்திருக்கிறான், எல்லாரையும் ஏதாவது நக்கலடித்திருக்கிறான். இவனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

பேசியது தனக்கோடிதான். இத்தனை நேரம் வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள்.

"ஆவணி மாசமே சொன்னேன்," என்றாள். "சார், கரெண்ட் போய் வந்தா இது செவிடு மாரி ஒக்காந்துக்குது. அணைச்சுப் போட்டா சரியா கேக்குதுன்னு சொன்னேனா இல்லியா? நீ இன்னா சொன்ன? உனக்கு ஒண்ணும் தெரியாது, சுவிட்ச் பக்கம் கையே கொண்டு போகக் கூடாதுன்ன. அன்னியிலேர்ந்து தொடல. மழை கட்டறத பாத்துட்டு அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்குத் திரும்ப வந்தேன். எழுந்து ஒக்காந்திருந்துது. அணைச்சுப் போடலாமான்னு இந்தக் கை போச்சு. நீ சொன்னது ஞாபகம் வந்து எடுத்துக்கினேன்."

சுவிட்சை அழுத்தினாள் என்று கொலைப்பழி சுமந்தவள், அழுத்தியிருந்தால் அய்யனார் பிழைத்திருப்பான் என்பதை நாலு நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ரேணுகா கேட்கவில்லை. சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

இன்ஸ்பெக்டர் திரையிலிருந்த வரிகளை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். சரவணகுமாரை ஜீப்பில் ஏறச் சொன்னார். அவன் இரண்டடி வைத்திருப்பான்.

"நில்லு," என்றாள் தனக்கோடி.

மேஜை ஓரத்தில் ஊர் அறிவிப்புக்கான மைக் இருந்தது. அதை எடுத்துப் பொத்தானைத் தட்டினாள். ஒலியைத்தான் அவன் ஒழுங்காக எழுப்பியிருந்தானே. வெளியே கம்பத்தில் கொர்ரென்று சத்தம் கிளம்பி உப்பளம் முழுக்கப் போனது. தூரத்தில் அம்பாரத்துக்கு ஓலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க வூட்டுக்குக் கேக்கணும். எங்க மாமியாருக்குக் கேக்கணும். பேசு."

அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அவர் கதவுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மைக்கை வாங்கித் தொண்டையைக் கனைத்தான்.

"சில தொழில்நுட்பக் கோளாறு காரணமா..."

தனக்கோடி மைக்கின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"என் கொழுந்தன் பேரைச் சொல்லி ஆரம்பி," என்றாள்.